சுவர்களுக்குள் தொலையும் குரல்

சென்னை சேப்பாக்கத்தில் எழிலகம் வளாகத்தில் உள்ள கலச மஹாலில் 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது நள்ளிரவு நேரத்தில் தீப்பற்றியது. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபுகளுக்காக எழுப்பப்பட்ட அந்த அரண்மனையில் அப்போது அரசு அலுவலகங்கள் இயங்கிவந்தன. விடுமுறை நாளின் இரவு என்பதால் ஊழியர்கள் எவரும் உள்ளே இல்லை. ஆயினும் தீயணைப்பு வீரர்கள் உள்ளே சென்றார்கள். மேற்கூரையின் ஒரு பகுதி சரிந்து வீரர் ஒருவர் உயிரிழந்தார். கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார்.

மதுரைக்கும் இத்தகைய துயரம் உண்டு. 2020 நவம்பர் 14 தீபாவளியன்று விடியுமுன், விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் பழைய கட்டடம் ஒன்றில் இயங்கிய ஜவுளிக் கடையில் தீ மூண்டது. அதை அணைத்துக் கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் மாண்டனர். ஊரே பண்டிகைக்கு விழித்தெழுந்த வேளையில் அவர்களது குடும்பங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் தகவல் தொடர்புக் குறைபாடே காரணம் என்று நான் வாதிடவில்லை. எரியும் கட்டடத்தின் நிலைமை சில நொடிகளில் மாறிவிடும் என்பதற்கே அவற்றைச் சுட்டுகிறேன். கூரை தொய்வதையும் சுவரில் விரிசல் ஓடுவதையும் பெரும்பாலும் வெளியே நிற்பவர்தான் முதலில் காண்பார். அவர் 'வெளியே வாருங்கள்' என்று சொன்னால், அந்தச் சொல் உள்ளே இருப்பவரின் காதில் விழ வேண்டும். விழுகிறதா என்பதை நம்முடைய அரசுக் கட்டடங்களில் யாராவது சோதித்துப் பார்க்கிறோமா?

நான் வசிக்கும் டி. கல்லுப்பட்டி ஒரு பேரூராட்சி. இங்குள்ள பேரூராட்சி அலுவலகம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், பள்ளிகள் போன்ற அரசுக் கட்டடங்கள் பெரும்பாலும் ஓரிரு தளங்கள் கொண்டவை. வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டாலே உள்ளே கேட்டுவிடும். எங்கள் ஊருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று சிலர் நினைக்கலாம். ஆனால், தீயணைப்பு நிலையங்களின் பணி ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. பெரிய விபத்து நேர்ந்தால் சுற்றுவட்டார நிலையங்கள் அனைத்திலிருந்தும் வண்டிகள் அழைக்கப்படும். திருமங்கலத்தை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனை எழுந்து வருகிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆறு மாடிகள் கொண்டது. அரசு இராசாசி மருத்துவமனை ஆண்டுதோறும் விரிவடைகிறது. சிற்றூர் நிலையத்து வீரர் தாம் ஒருமுறைகூட உள்ளே சென்றிராத மாடிக் கட்டடத்துக்குள், புகையின் நடுவே நுழைய வேண்டிவரும். அப்போது அவருக்கு வழி சொல்லக்கூடியது கையிலிருக்கும் வாக்கி-டாக்கி மட்டுமே.

அந்தக் கருவி கட்டடத்துக்குள் ஏன் ஊமையாகிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. காவல் துறையும் தீயணைப்புத் துறையும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் மிகுஉயர் அதிர்வெண் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். திறந்த வெளியிலும் வயல்வெளியிலும் அது வெகுதூரம் செல்லும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரைக் கடக்கும்போது அதன் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடக்கூடும். இரண்டு சுவர்களைக் கடந்தால் நூறில் ஒரு பங்கு. மூன்றைக் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய கட்டடங்களின் பருத்த சுவர்களும், பதிவறைகளில் வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகளும் இதே வேலையைச் செய்கின்றன. வெயிலைத் தடுப்பதற்காகப் புதிய கட்டடங்களில் பொருத்தப்படும் உலோகப் பூச்சுக் கண்ணாடி வெப்பத்தோடு வானொலி அலையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. தரைமட்டத்துக்குக் கீழே உள்ள வாகன நிறுத்தத்தில் நிலைமை இன்னும் மோசம். சுற்றிலும் மண், மேலே கான்கிரீட் தளம். அலை நுழைவதற்குச் சாய்தளப் பாதை ஒன்றைத் தவிர வேறு வாயில் இல்லை.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஓர் ஆபத்து உண்டு. வண்டியில் பொருத்திய கருவியின் திறன் பொதுவாக 25 வாட் அளவில் இருக்கும். கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு 5 வாட் வரைதான். ஆகவே, வெளியிலிருந்து பேசுவது உள்ளே கேட்கும்; உள்ளேயிருந்து பேசுவது வெளியே கேட்காது. உள்ளே சென்றவர் உதவி கோரிக்கொண்டிருப்பார். வெளியே இருக்கும் அலுவலரோ, அழைப்பு எதுவும் வரவில்லை, ஆகவே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். முழுமையாகச் செயலிழந்த கருவியைவிட இந்தப் பாதித் தொடர்பு அபாயகரமானது. முகமூடி அணிந்த வாயிலிருந்து வரும் பேச்சு ஏற்கெனவே மங்கலானது. ஒரே நேரத்தில் இருவர் பொத்தானை அழுத்தினால் அதுவும் கரகரப்பாகிவிடும்.

கைப்பேசி இருக்கிறதே என்ற பதில் உடனே வரும். விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டம் முழுவதும் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும்போது அழைப்பு கிடைப்பதில்லை. கட்டடத்தின் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் தீயணைப்புப் பணியின் முதல் நடவடிக்கைகளில் ஒன்று. அத்துடன் உள்ளே பொருத்தியிருக்கும் சிறு அலைபரப்பிகளும் அணைந்துவிடலாம். கனமான கையுறை அணிந்தவர் புகைக்குள் தொடுதிரையில் எண்ணைத் தேட முடியாது. மேலும் கைப்பேசி ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கானது. 'அனைவரும் வெளியேறுங்கள்' என்ற ஒரே கட்டளை இருபது பேருக்கு ஒரே நொடியில் சென்றுசேர வேண்டிய இடத்தில் அது உதவாது.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993-இல் குண்டு வெடித்தபோதே, அந்த உயரமான கோபுரங்களுக்குள் தீயணைப்புத் துறையின் வானொலி சரிவர எட்டவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதன் பிறகு, கைக்கருவியின் மெலிந்த அலையைப் பெற்று வலுவாக்கி மீண்டும் அனுப்பும் 'ரிப்பீட்டர்' அங்கே பொருத்தப்பட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று வடக்குக் கோபுரத்தின் முகப்புக் கூடத்தில் இருந்த அதிகாரிகள் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று கைவிட்டார்கள். அதை இயக்கும் பலகையில் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். ஒன்று மட்டுமே அழுத்தப்பட்டிருந்தது என்று விசாரணை ஆணையம் பின்னர் பதிவுசெய்தது. தெற்குக் கோபுரத்துக்குள் சென்ற அணியினர் அதே ரிப்பீட்டர் வழியே மேல் தளங்களிலிருந்தும் பேசினார்கள்.

காலை 9.59 மணிக்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறும்படி அதிகாரிகள் கட்டளையிட்டார்கள். அந்தக் கோபுரம் 10.28 மணிக்கு விழும்வரை 29 நிமிடங்கள் இருந்தன. உள்ளே இருந்த வீரர்களில் பலருக்குக் கட்டளை கேட்கவே இல்லை. பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. அன்று உயிரிழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர். எல்லோரையும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் கருவி இருந்தும் அதை இயக்கத் தெரியாமல் போனதன் விலையை அந்த 29 நிமிடங்கள் உணர்த்துகின்றன. கருவி வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அதை இயக்கிப் பழகுவதும் சேர்ந்தால்தான் முடியும்.

லண்டனில் 2005 ஜூலை 7 அன்று சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோதும் இதே நிலைதான். மீட்புப் பணியாளர்கள் பலரின் கருவிகள் சுரங்கத்துக்குள் செயல்படவில்லை. செய்தியை ஆட்கள் மேலும் கீழும் ஓடிச் சுமந்தார்கள். 1987-இல் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீ விபத்துக்குப் பிறகே இந்தக் குறை சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் கடந்தும் அது முழுமையாகச் சரிசெய்யப்பட்டிருக்கவில்லை.

நம் நாட்டின் அரசுக் கட்டடம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் ரயில்வேக்குச் சொந்தமான நியூ கொய்லாகாட் கட்டடத்தின் 13-ஆவது தளத்தில் 2021 மார்ச் 8 அன்று மாலை தீப்பிடித்தது. மின்தூக்கியில் மேலே சென்றவர்கள் புகையிலும் வெப்பத்திலும் சிக்கினார்கள். தீயணைப்பு வீரர்கள் நால்வர் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். கட்டடத்தின் வரைபடம் கிடைக்கவில்லை என்று மாநில முதல்வர் குறைகூறினார். மேல் தளத்தின் நிலைமை என்ன, எந்தப் படிக்கட்டு பாதுகாப்பானது, மின்தூக்கியில் ஏறலாமா என்பவை கட்டடத்தை அறிந்தவரிடமிருந்து உள்ளே நுழைபவருக்கு உடனடியாகக் கிடைக்க வேண்டிய தகவல்கள். பேச்சுத் தொடர்பும் தள வரைபடமும் பிரிக்க முடியாத இரட்டையர்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. உயரமான கட்டடங்களில் நுழைவுத் தளத்தில் தீக் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும். அங்கிருந்து எல்லாத் தளங்களுக்கும் பேசவும், தளங்களிலிருந்து செய்தி பெறவும் வசதி வேண்டும். தள வரைபடங்கள் அங்கே வைக்கப்பட வேண்டும் என்கிறது அது. நல்ல ஏற்பாடு. ஆயினும் அது கட்டடத்துக்குச் சொந்தமான கருவிகளைப் பற்றியது. வெளியிலிருந்து வரும் வீரரின் கையிலுள்ள கருவி அந்தச் சுவர்களுக்குள் பேசுமா என்பது தனிக் கேள்வி. மேலும், தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால்தான் ஒரு கட்டடம் உயரமான கட்டடமாகும். வட்டாட்சியர் அலுவலகங்கள், அரசுப் பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை அந்த உயரத்தை எட்டுவதில்லை. வானொலி அலை உயரத்தைப் பார்த்து நிற்பதில்லை. மூன்று மாடிகளே கொண்ட மருத்துவமனையின் நடுவில் உள்ள அறுவை அரங்கும், தரைக்குக் கீழே உள்ள மருந்துக் கிடங்கும் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியைவிட ஒலியற்ற இடங்களாக இருக்கலாம்.

ஆகவே நான் முன்வைப்பது ஒரு எளிய கோரிக்கை. எந்த அரசுக் கட்டடத்தையும் பொதுப்பணித் துறை கட்டி முடித்து ஒப்படைக்கும் முன், தீயணைப்புத் துறையின் கைக்கருவி அதன் ஒவ்வொரு பகுதியிலும் பேசுகிறதா என்று சோதித்துச் சான்று பெற வேண்டும். ஏற்கெனவே உள்ள கட்டடங்களிலும் இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். தடுப்புச் சுவர் எழுப்பினாலும், கண்ணாடி மாற்றினாலும், இரும்பு அலமாரிகளை நகர்த்தினாலும் முந்தைய முடிவு பொருந்தாமல் போகும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் பல பகுதிகளில் பின்பற்றப்படும் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பு, ஒவ்வொரு தளத்தையும் 20 கட்டங்களாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு தளத்திலும் 95 விழுக்காடு பரப்பில் தொடர்பு கிடைக்க வேண்டும் என்கிறது. நாமும் அதையே செய்யலாம். ஒருவர் வெளியே வண்டியருகில் நிற்பார். மற்றவர் கதவுகளை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் நின்று அந்தக் கட்டத்தின் எண்ணைச் சொல்வார். வெளியே கேட்டதா, திரும்பச் சொன்னது உள்ளே கேட்டதா என்று இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். படிக்கட்டுகள், மின்தூக்கி, மின் அறை, பதிவறை, கீழ்த்தளம் ஆகியவை கட்டாயம் இடம்பெற வேண்டும். டி. கல்லுப்பட்டியின் அரசு அலுவலகங்கள் அனைத்தையும் இவ்வாறு சோதிக்க ஓரிரு முற்பகல் போதும். தொடர்பு கிடைக்காத இடங்களைத் தள வரைபடத்தில் சிவப்பு மையால் நிரப்பி, ஒரு படியைக் கட்டடத்தின் காவலர் மேசையிலும் மற்றொன்றைத் தீயணைப்பு நிலையத்திலும் வைத்தால், எந்த இடத்தில் தமது குரல் தொலையும் என்பதை வீரர் உள்ளே நுழையும் முன்பே அறிந்திருப்பார்.

சோதனையில் தேறாத கட்டடங்களுக்கு மட்டுமே செலவு. அதிலும் படிகள் உண்டு. சிறிய கட்டடத்தில் வாசலுக்கும் தளத்துக்கும் இடையே படிக்கட்டில் ஒருவரை நிறுத்திச் செய்தியைக் கைமாற்றுவதைப் பயிற்சியாக்கினாலே போதும். நடுத்தரக் கட்டடத்துக்கு, வண்டியில் பொருத்திக் கொண்டுவரக்கூடிய ரிப்பீட்டர் உதவும். ஒவ்வொரு தளத்தின் படிக்கட்டு முகப்பிலும் கம்பிவழித் தொலைபேசி இணைப்பு ஒன்றை அமைப்பது பழைய முறைதான். ஆனால் எந்தச் சுவரும் அதைத் தடுக்காது. பெரிய மருத்துவமனைக்கும் கீழ்த்தளம் கொண்ட வளாகத்துக்கும்தான் மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, தளங்கள்தோறும் சிறு ஆன்டெனாக்கள், நடுவே அலையைப் பெருக்கும் கருவி என்ற முழு அமைப்பு தேவைப்படும். கட்டும்போதே அதற்கான குழாய்ப் பாதையை விட்டுவைத்தால் செலவு குறைவு. கட்டி முடித்த பின் சுவரைக் குடைந்து போட்டால் பன்மடங்காகும். தோப்பூர் போன்று பணி நடந்துகொண்டிருக்கும் இடங்களில் இப்போதே இதைக் கேட்க வேண்டியதன் காரணம் இதுவே.

இந்த அமைப்பில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, கடையில் விற்கும் அலைபெருக்கியை யாரோ வாங்கி மாட்டிவிடக் கூடாது. உள் ஆன்டெனாவின் அலை வெளி ஆன்டெனாவுக்குத் திரும்பினால், திருவிழா மேடையில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்ததும் எழும் ஊளையைப் போன்று அது சுற்றிச் சுற்றிப் பெருகும். அந்தக் கட்டடத்தோடு நில்லாமல் சுற்றுவட்டாரத்தின் தொடர்பையே அது கெடுத்துவிடும். உரிமம் இன்றி இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவது நம் நாட்டில் குற்றமும்கூட. இரண்டாவது, மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் பல மணி நேரம் இயங்கும் மின்கலமும், தீயைத் தாங்கும் கம்பிவடமும் அதற்கு இருக்க வேண்டும். தீயில் முதலில் கருகுவது தொடர்புக் கம்பியே என்றால் அமைத்ததன் பயன் என்ன?

நாடு முழுவதற்குமான நவீனப் பேரிடர்த் தொடர்பு வலையமைப்பு வரும்போது எல்லாம் சரியாகிவிடும் என்றும் கூறப்படலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூனில் அதற்கான பரிந்துரைகளை அளித்தது. அது வரட்டும், வரவேற்போம். ஆனால், எத்தகைய நவீன அலையும் கான்கிரீட்டைக் கடந்தாக வேண்டும். அதே ஆணையம், கட்டடங்களுக்குள் கைப்பேசித் தொடர்பு எவ்வளவு நன்றாகக் கிடைக்கிறது என்பதைத் தரவரிசைப்படுத்தும் ஒழுங்குமுறையை 2024-இல் வெளியிட்டிருக்கிறது. நம் இணைய வேகத்துக்காக ஒரு கட்டடத்தை அளந்து மதிப்பிட முடியுமானால், நம்மைக் காக்க வருபவரின் குரலுக்காகவும் அளக்க முடியும்.

தனியார் கட்டடத்தில் குறை இருந்தால் உரிமத்தைக் காட்டி அரசு கேள்வி கேட்கலாம். அரசுக் கட்டடத்தைக் கட்டுவதும், பயன்படுத்துவதும், அதில் தீப்பிடித்தால் அணைக்க வருவதும் அரசின் துறைகளே. ஒன்றை ஒன்று தட்டிக்கேட்கத் தயங்கும் நிலையில், கேட்கும் கடமை மக்களுக்கு வந்துசேர்கிறது. கிராம சபையிலும், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலும் சாலைக்கும் குடிநீருக்கும் மனு அளிக்கும் நாம், 'இந்தக் கட்டடத்தில் தீயணைப்பு வீரரின் வாக்கி-டாக்கி சோதிக்கப்பட்டதா? சான்று எங்கே?' என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம்.

கலச மஹாலுக்குள் வீரர்கள் நுழைந்த நள்ளிரவில் அங்கே காப்பாற்ற மனிதர்கள் இல்லை. கட்டடமும் அதிலிருந்த அரசு ஆவணங்களுமே இருந்தன. நமது பட்டாவையும் சான்றிதழையும் சுமந்து நிற்கும் கோப்புகளுக்காகவும் உயிரைப் பணயம் வைப்பவர்கள் அவர்கள். திரும்பி வாருங்கள் என்று அழைக்கும்போது அந்தச் சொல் அவர்களுக்குக் கேட்கும்படி செய்வது, அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன். ஓரிரு முற்பகல் வேலையில் அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்கலாம்.